இசை கேட்டு “மனத்தில் தோன்றியதை வரை” என்றால் எல்லாரும் சூரிய அஸ்தமனம் வரைகிறார்கள்: ஒன்பதாம் வகுப்புக்கு என்ன செய்யலாம்?

மூன்றாம்பாடவேளை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஒன்பது, பத்தாம் வகுப்பு மாணவர்களுக்கு ஓவியம், இசை இரண்டையுமே நான் ஒருவனே நடத்த வேண்டிய நிலை இந்த ஆண்டு ஏற்பட்டிருக்கிறது. நான் முறையாகப் பயின்றது ஓவியம். இசையில் கேள்வி ஞானம் மட்டுமே உண்டு. வாரத்திற்கு 45 நிமிடப் பாடவேளைகள் இரண்டு, வகுப்புக்கு 38 பேர். தனி அறை கிடையாது. இசைக்கருவி என்று சொல்லிக்கொள்ள ஒரு ஒலிபெருக்கியும் என் கைப்பேசியும்தான் இருக்கின்றன.

சென்ற வாரம் நடந்ததைச் சொன்னால் என் சிக்கல் விளங்கும். இசையையும் ஓவியத்தையும் இணைத்து ஒரே செயல்பாடாக நடத்திவிடலாம் என்று எண்ணி, சொற்களே இல்லாத ஆறு நிமிட வாத்திய இசை ஒன்றை ஒலிக்கவிட்டு, “கண்ணை மூடிக் கேளுங்கள், பிறகு மனத்தில் தோன்றியதை வரையுங்கள்” என்றேன். வந்த 38 தாள்களில் பாதிக்கு மேல் இரண்டு மலைகளுக்கு நடுவே இறங்கும் சூரியன். மற்றவற்றில் இதயங்கள், வானத்தில் பறக்கும் பறவைகள், வால் முளைத்த மேற்கத்திய சுரக்குறிகள். ஒரே ஒரு மாணவன் மட்டும் எதுவும் வரையாமல், தாளின் கீழ் ஓரத்தில் சிறிய எழுத்தில் “எனக்கு ஒன்றும் தோன்றவில்லை” என்று எழுதிக் கொடுத்திருந்தான். வீட்டுக்குக் கொண்டுபோய் எல்லாவற்றையும் பரப்பிப் பார்த்தபோது, உண்மையாகக் கேட்டவன் அவன் ஒருவன்தானோ என்ற ஐயம் எனக்கு வந்துவிட்டது.

இந்த வயதில் வேறு இரண்டு தடைகளும் உள்ளன. “எனக்கு வரைய வராது”, “எனக்குப் பாட வராது” என்ற தீர்ப்பைப் பெரும்பாலோர் ஏற்கெனவே தமக்குத் தாமே எழுதிக்கொண்டுவிட்டார்கள். மாணவர்கள் பலருக்குக் குரல் உடைந்துகொண்டிருப்பதால் வாயைத் திறக்கவே கூசுகிறார்கள். அத்துடன், சற்று ஓசை கூடினாலும் அடுத்த வகுப்பிலிருந்து ஆள் வந்துவிடுகிறது. கருவிகளும் தனி அறையும் இல்லாமல், இசையும் காட்சிக் கலையும் உண்மையாகவே ஒன்றையொன்று தொடும்படி என்னென்ன செய்விக்கலாம்? “படைப்பாற்றலை வளர்க்க வேண்டும்” என்பது போன்ற பொது அறிவுரைகள் கையேட்டிலேயே நிறைய இருக்கின்றன. நேரே வகுப்பில் செய்து பார்த்தவற்றைச் சொன்னால் நன்றியுடையவனாவேன்.

---

கரித்துண்டு எழுதியது:

வெற்றுத் தாளைக் கொடுத்த அந்த மாணவனை, முடிந்தால் எல்லார் முன்னிலையிலும் இல்லாமல் தனியே அழைத்து, ஒருமுறை பாராட்டிவிடுங்கள். மற்றவர்களும் தவறு செய்துவிடவில்லை. கேள்விதான் அவர்களை அங்கே கொண்டுபோய் விட்டது. 14 வயதுப் பிள்ளையிடம், சுற்றிலும் 37 பேர் அமர்ந்திருக்கும்போது “உன் மனத்தில் இருப்பதை வெளியே காட்டு” என்றால், எந்தப் பிள்ளையும் கண்ணியமாக ஒரு ஆயத்தப் படத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். சூரிய அஸ்தமனம் அதற்கென்றே இருப்பது. நானும் முதல் சில ஆண்டுகள் அதே கேள்வியைக் கேட்டு அதே மலைகளைச் சேர்த்துவைத்தவன்தான்.

கேள்வியைக் குறுக்குங்கள். உணர்ச்சியைக் கேட்காமல், காதால் சரிபார்க்கக்கூடிய ஒன்றைக் கேளுங்கள். நான் செய்விப்பது இது. ஏ4 தாளை நீளவாக்கில் இரண்டாக வெட்டி முனையோடு முனை ஒட்டினால் ஏறத்தாழ 59 செ.மீ. நீளமுள்ள பட்டை கிடைக்கும். ஒரு விநாடிக்கு ஒரு செ.மீ. என்று வைத்துக்கொண்டால், அது ஒரு நிமிட இசையை ஒரு விநாடி குறைய அப்படியே பிடித்துக்கொள்ளும். ஸ்கேலை வைத்து அடியில் செ.மீ. புள்ளிகளை இட்டுவிடச் சொல்லுங்கள். வண்ணம் கூடாது, பென்சில் மட்டும். எந்தப் பொருளின் உருவமும் கூடாது. புள்ளியும் கோடும் நிழலும் மட்டுமே.

அதே ஒரு நிமிடத்தை நான்கு முறை ஒலிக்கவிடுங்கள். முதல் முறை கேட்கும்போது, இசை நிற்கும் இடங்களை மட்டும் குறிக்க வேண்டும். வேறு எதையும் குறிக்கக் கூடாது. இரண்டாம் முறை, சுருதி ஏறுவதும் இறங்குவதும். மூன்றாம் முறை, ஓசை பெருக்கும் இடத்தில் கோட்டைத் தடிப்பாக்கி, ஒடுங்கும் இடத்தில் மயிரிழையாக்க வேண்டும். நான்காம் முறை ஒன்றும் வரையாமல், பட்டையின்மேல் விரலை ஓட்டிக்கொண்டே கேட்க வேண்டும். அந்த நான்காம் முறையில்தான் வகுப்பில் ஒரு சலசலப்பு எழும்: “சார், என் பட்டையில் இங்கே மௌனம் இருக்கிறது, பாட்டில் இல்லையே!” அந்தக் குரல் எழுந்துவிட்டால் நீங்கள் பாதி வேலையை முடித்துவிட்டீர்கள். கேட்டது சரியா தவறா என்று அவர்களே வாதிடத் தொடங்குகிறார்கள். வரைய வருமா வராதா என்ற பேச்சு அங்கே எழுவதே இல்லை.

அடுத்த பாடவேளையில் திசையை மாற்றுங்கள். பட்டைகளை இடம் மாற்றிக் கொடுத்து, ஒருவர் வரைந்ததை வேறொரு குழு ஒலியாக வாசிக்க வேண்டும். ஒருவர் ஸ்கேலைச் செங்குத்தாகப் பிடித்து விநாடிக்கு ஒரு செ.மீ. வீதம் நகர்த்துவார், மற்றவர்கள் ஸ்கேல் தொடும் குறியை ஒலிப்பார்கள். அடுத்த வகுப்பைப் பற்றிய கவலைக்கும் இதிலேயே விடை இருக்கிறது: “இந்த அறைக்கு வெளியே கேட்கும் எந்த ஒலியும் தவறான சுரம்” என்று விதி வையுங்கள். விரல் நுனியால் மேசையைத் தட்டுதல், உள்ளங்கைகளைத் தேய்த்தல், தாளை மெல்லக் கசக்குதல், பேனா மூடியைத் திறந்து மூடுதல், மூச்சு. மெல்லிய ஒலிகளுக்குள் இத்தனை வேறுபாடு இருப்பதை, உரக்க வாசிக்க அனுமதித்திருந்தால் அவர்கள் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள்.

இதை விளையாட்டு என்று யாராவது ஒதுக்கினால், கார்னீலியஸ் கார்டியூ என்ற ஆங்கிலேய இசையமைப்பாளர் 1963க்கும் 1967க்கும் இடையில் 193 பக்கங்களில் கோடுகளாலும் வட்டங்களாலும் ஓர் இசைப்பிரதியை உருவாக்கி, எப்படி வாசிக்க வேண்டும் என்ற விளக்கம் எதையும் தராமலே விட்டுவிட்டார் என்பதைச் சொல்லலாம். எதிர்த்திசைக்கும் சான்று உண்டு: 1911 ஜனவரியில் மியூனிக் நகரில் ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஷோன்பெர்க்கின் இசையைக் கேட்டுத் திரும்பிய ரஷ்ய ஓவியர் கண்டின்ஸ்கி, உடனடியாக அந்தக் கச்சேரியையே ஓவியமாக்கினார்; அதில் பியானோவின் கறுப்புக்குமேல் மஞ்சள் வண்ணம் வெள்ளம்போலப் பரவியிருக்கும். ஆனால் இந்தப் படங்களை முதலில் காட்டிவிடாதீர்கள். காட்டினால் அடுத்த வாரம் 38 கண்டின்ஸ்கிகள் வருவார்கள். மாணவர்கள் தங்கள் பட்டையை முடித்த பிறகு காட்டினால், “இவரும் நம்மைப் போலத்தான் செய்திருக்கிறார்” என்பார்கள். அந்த வரிசை முக்கியம்.

குரல் பற்றி ஒரு சொல். குரல்வளை வளர்ந்து குரல் நாண்கள் நீளமாவதால் ஆண்பிள்ளைகளின் குரல் ஏறத்தாழ ஒரு ஸ்தாயி (ஒரு ‘ச’விலிருந்து அடுத்த ‘ச’ வரையுள்ள தூரம்) கீழே இறங்குகிறது. அது இறங்கி முடியும்வரை எந்தச் சுரத்தில் குரல் உடையும் என்று அவர்களுக்கே தெரியாது. இதை ஒருமுறை வெளிப்படையாக, அறிவியல் பாடம்போலச் சொல்லிவிட்டால் கூச்சம் பெருமளவு குறைகிறது. அதன் பிறகு பாடச் சொல்லாமல், அவரவர்க்கு வசதியான ஒரே சுரத்தை வாய்மூடி முனகச் சொல்லுங்கள். 38 பேருடைய அந்த முனகல் ஒரு தம்புராவைப் போல அறையை நிரப்பும். தனிக்குரல் எதுவும் அதில் அகப்படாது.

---

ஏழும்எட்டும் எழுதியது:

நான் கணித ஆசிரியன். மிருதங்கம் சிறிது காலம் பயின்றவன். மேலே நண்பர் சொன்னதோடு, ஒலியே தேவைப்படாமல் தொடங்கக்கூடிய ஒன்றைச் சேர்க்கிறேன். இதற்கு வேண்டியது கட்டம் போட்ட நோட்டும் ஒரு பென்சிலும்.

கட்டத்தாளில் ஒரு வரிசைக்கு 12 கட்டங்கள் என்று எல்லை போட்டுக்கொண்டு, முதல் கட்டத்திலிருந்து எண்ணி, ஒவ்வொரு மூன்றாம் கட்டத்தையும் கறுப்பாக்கச் சொல்லுங்கள். வரிசை முடிந்தால் எண்ணிக்கையை விடாமல் அடுத்த வரிசையில் தொடர வேண்டும். செங்குத்தான தூண்கள் வரும். யாரும் வியக்க மாட்டார்கள். இப்போது அதே விதியை வரிசைக்கு 7 கட்டங்கள் வைத்துச் செய்யச் சொல்லுங்கள். முதல் வரிசையில் 3, 6 ஆம் கட்டங்கள். இரண்டாவதில் 2, 5. மூன்றாவதில் 1, 4, 7. நான்காவதில் மீண்டும் 3, 6. தூண்கள் சரிந்து, கீழே இறங்க இறங்க இடப்பக்கம் சாயும் கோடுகளாகிவிடும். வரிசைக்கு 8 கட்டங்கள் வைத்தால் அதே கோடுகள் வலப்பக்கம் சாயும். கறுப்பாக்கும் விதியை நாம் தொடவே இல்லை, எல்லையை மட்டும்தான் மாற்றினோம் என்பதை மாணவர்கள் தாங்களாகவே கண்டு சொல்லும்வரை வாயைத் திறக்காமல் இருப்பதுதான் இதில் ஆசிரியருக்குள்ள ஒரே கடினமான வேலை. (7ஐ மூன்றால் வகுத்தால் மீதி 1, 8ஐ வகுத்தால் மீதி 2 என்று கடைசி வரிசையில் இருந்து ஒரு குரல் வரும். எனக்கு ஒவ்வோர் ஆண்டும் வந்திருக்கிறது. பெரும்பாலும் கணிதத்தில் மதிப்பெண் வாங்காத பிள்ளையிடமிருந்து.)

பிறகு அந்தத் தாளை வாசிக்க வேண்டும். வகுப்பில் பாதிப் பேர் ஒவ்வொரு வரிசையின் முதல் கட்டத்திலும் காலை மெதுவாகத் தரையில் வைப்பார்கள்; மறுபாதி கறுப்புக் கட்டங்களில் இரண்டு விரல்களால் உள்ளங்கையில் தட்டும். ஏழு கட்டத் தாளில், மூன்றாம் வரிசையின் தொடக்கத்தில்தான், அதாவது 15ஆம் எண்ணிக்கையில்தான், கையும் காலும் முதன்முறையாக ஒன்றாக விழும். எட்டுக் கட்டத் தாளில் இரண்டாம் வரிசைத் தொடக்கத்திலேயே, 9ஆம் எண்ணிக்கையிலேயே, விழுந்துவிடும். எங்கே விழும் என்று தாளைப் பார்த்து முன்கூட்டியே சொல்லிவிட்டு, பிறகு அந்த இடத்தைக் கையால் சென்று அடையும்போது அவர்கள் முகத்தில் வரும் சிரிப்பை நீங்கள் பார்க்க வேண்டும். சாய்ந்த கோட்டைக் கண் பார்ப்பதும், தட்டு ஒவ்வொரு சுற்றிலும் சற்று முன்னே நகர்ந்து வருவதை உடல் உணர்வதும் ஒரே செய்தி. ஏழு என்பது மூன்றும் நான்குமாகப் பிரிந்து வரும் மிஸ்ர சாபு என்றும், எட்டு என்பது நான்கு, இரண்டு, இரண்டு எனப் பிரியும் ஆதி தாளம் என்றும் அதற்குப் பிறகு பெயர் சொன்னால் போதும். முதலிலேயே பெயரைச் சொன்னால், தெரிந்தவன் தெரியாதவன் என்று வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிடும்.

ஓவியம் இதில் எங்கே என்று கேட்கலாம். அழிப்பான் ஒன்றைக் கத்தியால் செதுக்கி அச்சாக்கி, கறுப்புக் கட்டங்களில் அதை ஒற்றச் சொல்லுங்கள் (செதுக்கும் வேலையை நீங்களே மேற்பார்வையிடுங்கள், வெட்டும் திசையில் மறு கையை வைக்கக் கூடாது). அச்சின் உருவம் இருபுறமும் ஒத்ததாக இல்லாமல் ஒரு பக்கம் கனத்ததாக இருந்தால், சுற்றுக்கு ஒருமுறை அதைத் திருப்பி ஒற்றும்போது முழுத் தாளும் நெய்த துணிபோல மாறும். வரைய வராது என்று சொன்ன பிள்ளைகள் எவரும் இதில் பின்தங்கியதை நான் கண்டதில்லை.

இன்னொன்று, வேகமாகச் சொல்லிவிடுகிறேன்: கண்ணாடிப் புட்டியில் நீர் ஊற்றிக் கரண்டியால் தட்டினால் நீர் கூடக் கூடச் சுருதி இறங்கும், அதே புட்டியின் வாயில் ஊதினால் நீர் கூடக் கூடச் சுருதி ஏறும். தட்டும்போது அதிர்வது கண்ணாடியும் நீரும். ஊதும்போது அதிர்வது மேலே மிச்சமிருக்கும் காற்று. செய்து காட்டுவதற்கு முன் எது நடக்கும் என்று எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

---

கோட்டோவியன் எழுதியது:

எல்லாரும் இணைப்பதைப் பற்றியே பேசுவதால், நான் சற்று மாறுபட்டுப் பேச வேண்டியிருக்கிறது. இவ்வகை இணைப்புப் பாடங்களில் ஓவியம் இசைக்கு எடுபிடி வேலை செய்வதாக முடிந்துவிடுகிறது என்பது என் அனுபவம். பட்டையும் கட்டமும் சிறந்த கேட்டல் பயிற்சிகள், மறுக்கவில்லை. ஆனால் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு ஓவியத்தில் உள்ள ஏக்கம் வேறு. பதின்மூன்று, பதினான்கு வயதில் அவர்களுக்குப் பார்த்தது பார்த்தபடி வரைய வேண்டும் என்ற ஆசை வந்துவிடுகிறது. கண் முன்னே ஓடிவிட, கை பின்தங்கி நிற்கிறது. அந்த இடைவெளியைக் கண்டுதான் “எனக்கு வராது” என்கிறார்கள். அதற்கு மருந்து, உருவமே வேண்டாம் என்று சொல்லி அந்த ஆசையைச் சுற்றிக்கொண்டு போவதில் இல்லை. பார்க்கக் கற்றுக்கொடுப்பதில்தான் இருக்கிறது.

இரண்டு பயிற்சிகள் போதும். முதலாவது, தாளைப் பார்க்காமல் வரைவது. இடது கையை மேசைமேல் வைத்து, அதன் விளிம்பிலேயே கண்ணை எறும்புபோல ஊரவிட்டு, பென்சிலைத் தாளிலிருந்து எடுக்காமல் ஐந்து நிமிடம் வரைய வேண்டும். முடிவில் எல்லாருடைய கையும் கோரமாக இருக்கும், வகுப்பே சிரிக்கும், நன்றாக வரைபவர் என்று பெயரெடுத்தவருடையதும் அப்படித்தான் இருக்கும். ஆனால் அந்தக் கோரத்துக்குள் கட்டைவிரல் மடிப்பின் ஒரு சிறு பகுதி மட்டும், அதுவரை அவர்கள் வரைந்த எந்தக் கையையும்விட உண்மையாக இருப்பதைச் சுட்டிக்காட்டுங்கள். இரண்டாவது, நாற்காலியை வரையாமல் நாற்காலியின் கால்களுக்கு நடுவே உள்ள வெற்றிடங்களை வரைவது. ஒவ்வொரு வெற்றிடமும் ஒரு முக்கோணமோ கோணலான நாற்கரமோதான். அதை வரைய எவருக்கும் தெரியும். எல்லா வெற்றிடங்களையும் கறுப்பாக்கி முடித்தால், நாற்காலி வெள்ளையாக எழுந்து நிற்கும். “நாற்காலி” என்ற சொல்லை மனம் மறந்தால்தான் கண் வேலை செய்கிறது.

இதை எழுதி முடித்தபோது எனக்கே ஒன்று தோன்றுகிறது, நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். முதல் கேட்டலில் மௌனத்தை மட்டும் குறிக்கச் சொன்ன நண்பரின் விதியும், நாற்காலியை விட்டு வெற்றிடத்தை வரையச் சொல்லும் என் விதியும் ஒன்றுதான். எனவே இரண்டையும் அடுத்தடுத்த பாடவேளைகளில் வைத்து, இரண்டுக்கும் இடையே உள்ள உறவை மாணவர்கள் கண்டுபிடிக்கிறார்களா என்று பார்க்கலாம். கண்டுபிடிக்காவிட்டால் சொல்லித்தர வேண்டாம் என்பது என் கட்சி.

இசையை மட்டும் தனியே கேட்கப் பழக்குவதற்கு, கனடா நாட்டு இசையமைப்பாளர் ஆர். மரே ஷாஃபர் சுற்றுப்புற ஒலிகளைக் கொண்டு நடத்திய கேட்டல் பயிற்சிகளிலிருந்து வளர்ந்த ஒலி வரைபடம் இருக்கிறது: தாளின் நடுவில் தன்னை ஒரு புள்ளியாக வைத்து, ஐந்து நிமிடம் அசையாமல் இருந்து, காதில் விழும் ஒவ்வோர் ஒலியையும் அதன் திசையிலும் தொலைவிலும் குறிப்பது. அடுத்த வகுப்பிலிருந்து ஆள் வராத ஒரே இசைப் பாடம் இது. அந்த வகுப்பின் ஓசையும் உங்கள் வரைபடத்தில் இடம்பெறும் என்பது கூடுதல் நன்மை.

---

அதிர்வு எழுதியது:

செவித்திறன் குறைந்த மாணவர்களுடன் பணிபுரிபவள் என்ற முறையில் சிலவற்றைக் குறிப்பிட விரும்புகிறேன். 38 பேர் கொண்ட வகுப்பில் நன்றாகக் கேட்காத பிள்ளை ஒருவர் இருந்து, அதை மறைத்துக்கொண்டு பின்வரிசையில் அமர்ந்திருப்பது அரிதன்று. வெற்றுத் தாளைக் கொடுத்த மாணவருக்கு அப்படி ஏதேனும் இருக்கிறதா என்றும் ஒருமுறை மென்மையாக விசாரித்துப் பாருங்கள்.

ஊதிய பலூனை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு ஒலிபெருக்கியின் அருகே அமர்ந்தால், தாழ்ந்த சுரங்கள் உள்ளங்கைக்கு வந்து சேரும். இதை எல்லா மாணவர்களுக்கும் செய்யுங்கள். ஒருவருக்கு மட்டும் பலூன் கொடுத்தால் அது அடையாளக் குறியாகிவிடும். இளமையிலேயே செவித்திறனைப் பெரும்பாலும் இழந்த ஸ்காட்லாந்துத் தாளக் கலைஞர் ஈவ்லின் கிளென்னி, அதிர்வை உடலால் வாங்கிக்கொள்வதற்காக வெறுங்காலுடன் மேடையில் வாசிப்பவர். இந்தச் செய்தி மாணவர்களிடம் நன்றாக எடுபடும்.

ஒலியைக் கண்ணுக்குக் காட்ட வேண்டுமானால், அகன்ற கிண்ணத்தின் வாயில் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுருக்கமில்லாமல் இழுத்துக் கட்டி, அதன்மேல் உப்புத்தூளைப் பரவலாகத் தூவி, விளிம்புக்கு அருகே வாயை வைத்து ஒரே சுரத்தை முனகச் சொல்லுங்கள். உப்பு துள்ளி, அதிராத இடங்களில் சென்று ஒதுங்கிக் கோடுகளாக நிற்கும். சுருதி ஏற ஏற வடிவம் நுணுக்கமாகும். எர்ன்ஸ்ட் கிளாட்னி என்ற ஜெர்மானிய அறிஞர் இதையே உலோகத் தகட்டில் மணலைத் தூவி, தகட்டின் விளிம்பை வயலின் வில்லால் இழுத்துச் செய்து, அந்த வடிவங்களை 1787இல் நூலாக வெளியிட்டார். உடைந்த குரல் கொண்ட மாணவனின் தாழ்ந்த முனகலுக்கும் உடையாத குரலின் முனகலுக்கும் வடிவம் மாறும் என்பதால், குரல் மாற்றம் வெட்கப்பட வேண்டியதாக இல்லாமல் சோதனைக்குத் தேவையான கருவியாகிவிடுகிறது. வந்த வடிவத்தை ஓவியமாக வரைவதற்கு முன் மூச்சு விடுவதில் கவனம் தேவை. ஒரு தும்மலில் எல்லாம் போய்விடும்.

கடைசியாக ஒன்று: தாளத்தைக் கற்பிக்கும்போது சிவப்புக் கட்டத்துக்குக் கைத்தட்டு, பச்சைக் கட்டத்துக்கு மேசைத்தட்டு என்று வண்ணத்தை மட்டுமே அடையாளமாக வைக்க வேண்டாம். ஆண்பிள்ளைகளில் நூற்றுக்குச் சிலருக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்தறிய இயலாது. அவர்களில் பலர் தமக்கு அந்தக் குறை இருப்பதையே அறியமாட்டார்கள். வட்டம், கட்டம் என்று வடிவத்தாலும் வேறுபடுத்திவிடுங்கள்.

---

மூன்றாம்பாடவேளை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. நான்கு வாரம் கழித்து வந்து எழுதுகிறேன். ஒலிப் பட்டை, ஏழு கட்டத் தாள், நாற்காலி வெற்றிடம் மூன்றையும் இரண்டு பிரிவுகளிலும் செய்து பார்த்தேன்.

பட்டை முதல் நாள் சொதப்பியது, குற்றம் என்னுடையது. நான் தேர்ந்தெடுத்த இசையில் மௌனமே இல்லை. முதல் கேட்டல் முடிந்தபோது 38 பேரும் பென்சிலைத் தூக்கியபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த முறை, நடுநடுவே நன்றாக நின்று மூச்சு விட்டுப் போகும் புல்லாங்குழல் இசை ஒன்றை எடுத்துக்கொண்டேன். நிற்கும் இடங்கள் எத்தனை என்பதை வீட்டிலேயே எண்ணி வைத்துக்கொண்டு போனேன். அன்று பாடவேளை முடிந்து மணி அடித்த பிறகும் இரண்டு குழுக்கள் 41ஆம் விநாடியில் இருப்பது மௌனமா, மெல்லிய சுரமா என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தன. மீண்டும் ஒலிக்கவிட்டுக் கேட்டோம், மெல்லிய சுரம்தான்.

வெற்றுத் தாள் மாணவனுக்குக் காது நன்றாகவே கேட்கிறது. விசாரித்தபோது, “எல்லாரும் சூரியன் வரைந்தார்கள் சார், எனக்குச் சூரியன் தோன்றவில்லை” என்றான். ஏழு கட்டத் தாளில் அவன்தான் முதலில் சாய்வைக் கண்டவன். அதன் பிறகு யாரும் கேட்காமலே 5, 9, 10, 11 கட்டங்களுக்கும் தனித்தனித் தாள் போட்டுக்கொண்டு வந்தான். நாற்காலிக்கும் மௌனத்துக்கும் உள்ள உறவை இதுவரை யாரும் சொல்லவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

இப்போது வேறொரு சிக்கல். இவற்றுக்கு மதிப்பெண் இட்டுப் பட்டியல் கொடுக்க வேண்டும். எதைப் பார்த்து மதிப்பெண் போடுவது? மேலும், பருவ முடிவில் பெற்றோர் வந்து பார்க்கும்படி ஏதாவது வைக்க வேண்டும் என்கிறார்கள். சுவரில் வரிசையாக ஒட்டிவிட்டால் இந்தப் பட்டைகள் வெறும் கிறுக்கலாகத்தான் தெரியும் என்று அஞ்சுகிறேன்.

---

கரித்துண்டு எழுதியது:

அழகுக்கு மதிப்பெண் போடாதீர்கள். போட்டால் மறுவாரமே மலைகள் திரும்பி வந்துவிடும். நான் பத்து மதிப்பெண்ணை இப்படிப் பிரிக்கிறேன். கொடுத்த விதிக்குள் நின்று வேலை செய்தாரா என்பதற்கு நான்கு. முதல் முயற்சியிலிருந்து அடுத்ததில் எதையாவது தெரிந்தே மாற்றினாரா என்பதற்கு மூன்று. இதற்குப் பழைய பட்டை ஒன்றையும் தூக்கிப் போடாமல் தேதியிட்டு வைத்திருக்க வேண்டும், பின்பக்கத்தில் “எதை மாற்றினேன், ஏன்” என்று இரண்டு வரி எழுதியிருக்க வேண்டும். மீதி மூன்று, பிறர் பட்டையை எவ்வளவு கவனமாக வாசித்தார் என்பதற்கு. கடைசி மூன்றைக் குறைத்துவிடாதீர்கள். தன்னுடையதை நன்றாகச் செய்யும் பிள்ளைகள் பிறருடையதை அலட்சியமாக வாசிப்பது இந்த வயதில் உண்டு.

பெற்றோர் வருகைக்கு, பட்டைகளை ஒட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ளாதீர்கள். வாசித்துக் காட்டச் செய்யுங்கள். ரஷ்ய இசையமைப்பாளர் முசோர்க்ஸ்கி, 1873இல் இறந்த தம் நண்பர் விக்டர் ஹார்ட்மன்னின் ஓவியக் காட்சியை மறு ஆண்டு பார்த்துவிட்டுப் பத்துப் படங்களுக்குப் பியானோ இசை எழுதினார். அந்தப் படைப்பில் எனக்குப் பிடித்தது படங்களுக்கான இசையைவிட, ஒரு படத்திலிருந்து மற்றொன்றுக்குப் பார்வையாளர் நடந்து போவதற்கென்று அவர் எழுதிய, மீண்டும் மீண்டும் வரும் நடை இசைதான். அதைப் பின்பற்றலாம். நான்கைந்து இடங்களில் மட்டும் பட்டைகளை வைத்து, ஒவ்வோர் இடத்திலும் ஐந்தாறு மாணவர்கள் நின்று தங்கள் பட்டையை மெல்லிய ஒலியில் வாசிக்கட்டும். ஓர் இடத்திலிருந்து மற்றோர் இடத்துக்குப் பெற்றோர் நடக்கும்போது, எஞ்சிய மாணவர்கள் ஏழு கட்டத் தாளைக் காலாலும் விரலாலும் தட்டிக்கொண்டு உடன் நடக்கட்டும். கடைசி இடத்தில் ஒரு வெற்றுப் பட்டையும் பென்சிலும் ஸ்கேலும் வைத்து, ஒரு நிமிடப் புல்லாங்குழலை ஒலிக்கவிட்டு, “நிற்கும் இடங்களை மட்டும் குறியுங்கள்” என்று பெற்றோரிடம் கொடுத்துவிடுங்கள். சரிபார்ப்பவர்கள் மாணவர்களாக இருக்கட்டும். அந்த 41ஆம் விநாடியில் எத்தனை பெரியவர்கள் ஏமாறுகிறார்கள் என்று எண்ணி இங்கே வந்து எழுதுங்கள்.